விசில் கேட்டால் திரும்பு

கல்முனைச் சந்தியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் விசில் ஊதினால் எல்லோரும் நிற்பார்கள். நான் மட்டும் மோட்டார் சைக்கிளை வந்த வழியே திருப்பிவிடுவேன். யுத்தம் முடிந்த வருடம் இது இரண்டு முறை நடந்தது. இரண்டாம் முறை எனக்குப் பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் தாய், தகப்பன் எல்லோரையும் வாய் நிறைய விசாரித்துவிட்டுப் போனார். பொலிஸ்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு வாயை ஊதச் சொன்னார். தொப்பியும் போட்டுக்கொண்டு அஸர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதன் நான். எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமும் வரவில்லை. ஏன் திரும்பினாய் என்று அவர் கேட்டுவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

நான் ஓட்டக்காரனாக இருந்தவன். பிறகு ஓட்டக்காரர்களைப் பழக்கியவன். எங்கள் ஊரில் ஒரு மைலுக்கு மேல் ஓடினால் அதெல்லாம் மரதன்தான். ஐயாயிரம் மீற்றர், பத்தாயிரம் மீற்றர், மலைநாட்டில் தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கும் ஓட்டம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். ஆகவே நான் ‘மரதன்காரர்’. ஒரு முழு மரதன் என் வாழ்நாளில் ஓடியதில்லை. திருத்திச் சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டேன்.

என்னை முதலில் ஓட வைத்தது ஒரு யானை. வாப்பாவுக்கு இறக்காமத்தில் வயல் இருந்தது. கதிர் வரும் காலத்தில் யானைகளும் வரும். பதினைந்து வயதில் ஒரு விடியற்காலை, காவல் பரணிலிருந்து இறங்கி வரம்பில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் கூட்டம் பிரிந்த ஒரு தனியன் யானை நிற்பதைக் கண்டேன். அதற்குப் பிறகு நான் எதையும் காணவில்லை. குளக்கட்டில் ஏறி, கட்டு முடிகிற இடம் வரை ஓடினேன். வாப்பா ஆறுதலாகப் பின்னால் வந்து, யானை நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை, நீ எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்டார். கேட்டுவிட்டு என் மூச்சைக் கவனித்தார். எனக்கு மூச்சு வாங்கவில்லை. அடுத்த கிழமை பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு என் பெயரைக் கொடுத்தது வாப்பாதான்.

பாடசாலை, வலயம், மாவட்டம், மாகாணம் என்று ஏறினேன். அந்தக் காலத்தில் எங்கள் கரையோரத்தில் ஓட்டக்காரனாக இருப்பது லேசான காரியமில்லை. யுத்தம் நடக்கிற நாட்டில் விடியலில் தனியே ஓடுகிறவன் எதையோ செய்துவிட்டு ஓடுகிறான் என்றுதான் அர்த்தம். காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி வழியாக அம்பாறைக்குப் போகும் வீதி, வயல்களுக்கு நடுவே கோடு கிழித்தது போல நேராகக் கிடக்கும். ஓடுவதற்கென்றே போட்ட வீதி. ஆனால் அதில் காவலரண்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் முன்னால் ஓட்டத்தை நிறுத்தி, கைகளைத் தெரியும்படி தொங்கவிட்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி மெல்ல நடந்து, கடந்த பிறகு மறுபடி ஓடத் தொடங்க வேண்டும். ஒரு நாள் ஒரு சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில், “ஏன் ஓடுறது? யார் துரத்துறது?” என்று கேட்டான். போட்டிக்காக என்றேன். அவன் சிரிக்கவில்லை. அதோடு வீதியை விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். அலை வந்து திரும்பும் ஈர மணலில் ஓடினால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் ஓட்டத்தின் உச்சமும் முடிவும் ஒரே நாளில் வந்தன. நுவரெலியாவில் நடந்த, மலைச்சரிவுகளில் ஓடும் குறுக்கு ஓட்டம். வெளிநாட்டுக்குப் போகிற குழுவுக்கு அதில் முதல் நான்கு பேரை எடுப்பதாகச் சொன்னார்கள். கடற்கரைக்காரனுக்கு அந்தக் குளிர் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இருந்தும் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். கடைசி மேட்டில் ஏறியபோது கீழே, வெகு தூரத்தில், முடிவுக்கோடும் கூடாரமும் தெரிந்தன. அதைக் கண்டதும் என் உடம்பு வேலை முடிந்ததென்று முடிவெடுத்துவிட்டது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை என்று சத்தியம் செய்யத் தயார். ஆனால் அந்தச் சரிவில் இரண்டு பேர் என்னைக் கடந்து போனார்கள். ஐந்தாவதாக வந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் முழுக்க ஒரே யோசனை. முடிவைப் பார்த்ததால்தான் தோற்றேன். எவ்வளவு தூரம் மிச்சம் என்று தெரிந்ததால்தான் தோற்றேன். இந்த ஒரு யோசனையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னர் பயிற்சியாளரானேன். அது தவறான யோசனை என்றுகூட இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

உடற்கல்வி ஆசிரியராக நியமனம் கிடைத்த பிறகு ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வீடியோ போட்டுக் காட்டினார்கள். பனி மூடிய காட்டுக்குள் காலில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு, கையில் கம்புகளை ஊன்றி, பல மைல் தூரம் போட்டி போடுகிறவர்கள். எங்கள் வகுப்பில் ஒருவர்கூட வாழ்நாளில் பனி கண்டதில்லை. வெப்பத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதைப் பார்த்தோம். மேடு ஏறும் இடத்தில் பயிற்சியாளர் பனியில் புதையப் புதையத் தன் ஆளுக்குப் பக்கத்திலேயே ஓடி, காதுக்குள் கத்திக்கொண்டு போனார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயிற்சியாளர் என்றால் ஓரிடத்தில் நின்று விசில் ஊதுகிறவர் என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

என் முறை இப்படி. ஓடுகிறவனுக்குத் தூரத்தைச் சொல்ல மாட்டேன். கடற்கரையில் ஓரிடத்தில் நான் நிற்பேன். அவன் ஓடிக்கொண்டே போக வேண்டும். நான் ஒரு தரம் குறுக்கி விசில் ஊதினால் அந்த நொடியே திரும்பி என்னை நோக்கி வர வேண்டும். நீட்டி ஊதினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். விசில் எப்போது வருமென்று அவனுக்குத் தெரியாது. ஐந்நூறு மீற்றரில் வரலாம், மூவாயிரத்திலும் வரலாம். முடிவு தெரியாதவன் எதையும் மிச்சம் பிடிக்க மாட்டான். இதில் ஒரேயொரு சட்டம்தான்: விசில் கேட்டால் யோசிக்காதே, திரும்பு.

கலியாணம் செய்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோனேன். கடலிலிருந்து நான்காவது ஒழுங்கையில் இருந்தது அந்த வீடு. மாமனார் முன்னரே மவுத்தாகிவிட்டார். வீட்டில் மாமி, என் மனைவி, அவளுடைய தம்பி. அவன் எனக்கு மச்சான், நானும் அவனுக்கு மச்சான். மாவடிப்பள்ளிப் பக்கம் வயல்களில் உழவு மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். சேற்றில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தும், பந்து விளையாட மைதானத்துக்கு ஓட்டமாகத்தான் போவான். அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் நான் அவனைப் பிடித்தேன். அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. தொடங்குவதற்குப் பிந்திய வயதுதான். ஆனால் என்னிடம் ஒருபோதும் இல்லாத ஒன்று அவனிடம் இருந்தது: களைத்த பிறகும் அவனுடைய கால் அடி குறுகவில்லை.

அவனிடம் ஒரே குறை, கேள்வி கேட்பான். சும்மா கேட்க மாட்டான், ஓடிக்கொண்டே கேட்பான். ஏன் மணலில் ஓட வேண்டும், ஏன் சோறு குறைக்க வேண்டும், ஏன் தூரம் சொல்ல மாட்டீர்கள். “மச்சான், இன்னும் எவ்வளவு இரிக்கி எண்டு சொன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிரும்?” என்று மூச்சிரைக்கக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. முதல் மாதங்களில் விசில் ஊதினால் ஒரு கணம் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து, மெய்தானா என்று உறுதி செய்துகொண்டுதான் வருவான். அந்த ஒரு கணத்துக்காக நான் அவனை எவ்வளவு ஏசியிருக்கிறேன். கேள்வி கேட்ட நாட்களில் இன்னொரு சுற்று ஓட வைத்தேன். வீட்டில் மாமிக்கு முன்னால் ஏசவும் தயங்கவில்லை. மாமி எனக்குப் பரிந்துதான் பேசுவார், மச்சான் சொல்வதைக் கேள் மகன் என்பார். இரண்டு வருடத்தில் அவன் கேட்பதை விட்டுவிட்டான். விசில் சத்தம் வந்தால் அவனுடைய தலைக்கு முன்னால் கால் திரும்பியது. பயிற்சியாளனாக நான் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான் என்று பெருமைப்பட்டேன்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள் மனைவியும் மாமியும் இறக்காமத்துக்கு என் வாப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள். வழக்கமாக நாங்கள் சுபஹ் தொழுதுவிட்டு நேரே கடற்கரைக்குப் போய்விடுவோம், ஏழு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அன்று எனக்குச் சோம்பல். வீட்டில் பெண்கள் இல்லை, தேத்தண்ணியை நாங்களே ஊற்றிக் குடித்தோம், கதைத்துக்கொண்டிருந்தோம், நேரம் போய்விட்டது. எட்டு மணிக்குப் பிறகுதான் இறங்கினோம். வெயில் நன்றாக இருந்தது. கடல் மார்கழிக் கடல் போலவே இல்லை, அமைதியாகக் கிடந்தது. சிறுபிள்ளைகள் மணலில் விளையாடினார்கள்.

அவன் தெற்கு நோக்கி ஓடினான். ஒரு முறை ஊதித் திருப்பினேன், வந்தான். மறுபடி அனுப்பினேன். நானூறு மீற்றர் அளவு போயிருப்பான். அப்போது கடல் உயர்ந்தது. அலையாக வரவில்லை. கடலின் முழு உடம்பும் கறுப்பாகத் தூக்கி நின்றது. கரையில் யாரோ அல்லாஹ்வே என்று கத்தினார்கள்.

அடுத்து நடந்ததை நான் பல ஆயிரம் தடவை பார்த்துவிட்டேன், ஆகையால் பிசகாமல் எழுத முடியும். அவனும் கடலைப் பார்த்தான். பார்த்ததும் சரியானதைச் செய்தான். ஓட்டத்தை முறித்து, கரைமேட்டில் ஏறி, ஊருக்குள் போகும் ஒழுங்கையின் வாயை நோக்கி நாலைந்து அடி வைத்தான். ஒழுங்கைக்குள் இரண்டு மாடி வீடொன்று பாதி கட்டியபடி நின்றது. அவனுடைய கால்களுக்கு அது ஒரு நிமிடத் தூரம்கூட இல்லை.

என் வாயில் விசில் இருந்தது. எப்போதும் பற்களுக்கிடையில்தான் வைத்திருப்பேன். கடல் வருகுது, ஓடு என்று சொல்ல நினைத்தேன். என் வாய் ஊதியது.

அவன் நின்றான். திரும்பினான். ஒரு கணமும் தயங்கவில்லை. கரைமேட்டிலிருந்து இறங்கி, ஈர மணலுக்கு வந்து, நேராக என்னை நோக்கி ஓடி வந்தான்.

நான் இரண்டு கைகளாலும் ஊர்ப் பக்கத்தைக் காட்டினேன், கத்தினேன். அந்த இரைச்சலில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆகவே போ, போ என்று சொல்லும் நினைப்பில் மறுபடியும் ஊதினேன், நீட்டி ஊதினேன். அவன் வேகத்தைக் கூட்டினான். அவன் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததில்லை. பிறகு அவனுக்குப் பின்னால் தண்ணீரைக் கண்டேன், மூன்றாவது தரமும் ஊதினேன். முதல் இரண்டுக்கும் என்னிடம் ஏதோ ஒரு விளக்கம் இருக்கிறது. மூன்றாவது எதற்கு என்று எனக்கே தெரியாது.

நான் ஊருக்குள் ஓடியிருந்தாலே அவன் என் பின்னால் வந்திருப்பான். விசிலைத் துப்பியிருந்தாலும் போதும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

தண்ணீர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளிவாசல் மதிலின் இரும்புக் கம்பியில் அடித்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒரு தோள்பட்டை உடைந்தது, அவ்வளவுதான். அவனை மறுநாள் மாலையில், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, வயலோரத்தில் கண்டெடுத்தோம். இரண்டு சப்பாத்தும் காலில் இருந்தன. கயிற்றை நான் சொல்லிக்கொடுத்தபடி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தான். நிறைய ஜனாஸாக்களோடு ஒன்றாகத்தான் அடக்கினோம். மாமி இறக்காமத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. அவர் என்னைக் கண்டு, என் உடைந்த தோளைத் தொடாமல் மறுதோளில் தலையை வைத்து அழுதார். அந்த அழுகைக்கு நடுவே எதையும் சொல்ல என்னால் முடியவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தேன்.

அடுத்த நாள் கதை வந்துவிட்டது. அந்தப் பாதி கட்டிய வீட்டு மாடியில் ஏறித் தப்பிய மீனவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவர் பார்த்தது பொய்யில்லை. அவன் மேட்டில் ஏறினான், தப்பியிருப்பான், மச்சானைக் கண்டு திரும்பி இறங்கி ஓடினான். தன் உயிரை விட்டுவிட்டு மச்சானைக் காப்பாற்ற ஓடினான். அவ்வளவு தூரத்தில், அந்த இரைச்சலில், அவருக்கு விசில் கேட்டிருக்கவில்லை; அதற்குப் பழகிய காது அவனுடையது மட்டும்தான். பாடசாலையொன்றில் அகதிகளாக இருந்த எங்களைத் தேடி வந்து மாமியிடம் இதைச் சொன்னார். மாமி அழுகையை நிறுத்தினார். என்னை ஒரு தரம் பார்த்தார். தண்ணீரில் போனவன் ஷஹீத், உயிர்த்தியாகி, அதிலும் இன்னொருவரைக் காப்பாற்றப் போனவன் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். அந்தச் சனக் கூட்டத்தில், பாயில்லாத சீமெந்துத் தரையில், என் மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அதன்பிறகு நான் வாழ்ந்தது அந்தக் கதைக்குள்தான். மாமி என்மேல் காட்டிய அன்பு கூடிவிட்டது. என் மகன் உயிரைக் கொடுத்து வாங்கிய ஆள் என்று வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார். மீன் துண்டில் பெரியது எனக்கு வரும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவர் நோன்பு பிடிப்பார். கடலுக்குத் தூரமாகப் புது வீடு கிடைத்தபோது, காற்று வரும் அறையை எனக்குக் கொடுக்கச் சொன்னார். அந்த அறையில் நான் பல வருடம் படுத்தேன். எனக்கு அந்த அன்பு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெறுப்பாக இருந்திருந்தால் எப்போதோ உண்மையைச் சொல்லியிருப்பேன். மனைவிக்கு நான் இதைச் சொன்னது மிகப் பிந்தி. அது எங்கள் இரண்டு பேருக்கும் இடையிலான விஷயம், இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டு வருடம் யாரையும் பழக்கவில்லை. பிறகு பாடசாலையில் வேறு ஆள் இல்லையென்று கட்டாயப்படுத்தினார்கள். விசில் இல்லாமல் தொடங்கினேன். சிவப்புக் கொடியொன்றைப் பிடித்து ஆட்டுவேன். பிள்ளைகள் எனக்குக் ‘கொடி சேர்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னர் இருந்த கண்டிப்பு என்னிடம் இல்லை. யாராவது நடுவில் நின்றால் ஏன் நின்றாய் என்று கேட்க மாட்டேன், ஓடுவதற்கு முன் தூரத்தையும் சொல்லிவிடுவேன். சொல்லப்போனால், என்னிடம் ஓடியவர்கள் அதற்குப் பிறகு பெரிதாக எதையும் வெல்லவில்லை. அதிபர் ஒரு நாள், உங்கட பழைய முறை என்ன ஆயிற்று சேர் என்று மரியாதையாகக் கேட்டார். மறந்துபோய்விட்டது என்றேன்.

மறக்கிற மாதிரியா இருந்தது. தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கேத்தலொன்றை மனைவி ஆசையாக வாங்கி வந்தாள். அதைத் திருப்பிக் கொடுக்க வைத்தேன், காரணம் சொல்லவில்லை. பக்கத்து வளவில் விசில் ஊதிப் பந்தடித்தால் ஜன்னலைச் சாத்துவேன். அதைவிட மோசம் ஒன்று உண்டு. தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்க வலது பக்கம் முகத்தைத் திருப்பும்போது, சில நாட்களில், ஈர மணலில் ஒருவன் என்னை நோக்கி வந்துகொண்டிருப்பான். கால் அடி குறுகாது. கிட்ட வரவும் மாட்டான்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன அன்று வீதியில் வெடி கொளுத்தினார்கள். எங்கள் தெருவில் ஆட்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். சிரிப்பதா என்று தெரியாத முகங்கள். சில மாதங்களில் மாவடிப்பள்ளி வீதியில் காவலரண்கள் ஒவ்வொன்றாக எடுபட்டன. முப்பது வருடமாக யாரும் நிம்மதியாக ஓடாத வீதி சும்மா கிடந்தது. ஊர்க் கழகத்துப் பொடியன்கள் என்னிடம் வந்தார்கள். அந்த வீதியில் ஒரு ஓட்டம் வைக்கப்போகிறார்களாம், என் மச்சானின் ஞாபகமாகவாம். உயிர் கொடுத்த கதையை ஒலிபெருக்கியில் சொல்லி, மாமியை முன்வரிசையில் உட்கார வைத்து, நான் விசில் ஊதித் தொடக்கி வைக்க வேண்டுமாம். தோள் வலி, நெஞ்சு வலி, பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டம் என்று வாயில் வந்த எல்லாச் சாக்குப்போக்கையும் சொன்னேன். கடைசியில் வேறொருவர் ஊதினார். நான் வீட்டின் பின்பக்கம் கிணற்றடியில் இருந்தேன். மாமி போய் வந்து, எவ்வளவு சனம் என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வராததைப் பற்றி, மகனை நினைத்து மருமகனுக்குத் தாங்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னாராம்.

அந்த வருடமே மாமிக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. எங்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், போவதற்கு முன் தெரிந்தவர் அறிந்தவர் எல்லோரிடமும் போய் மன்னிப்புக் கேட்பார்கள். பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்பது. மனிதர்களிடம் பட்ட குற்றத்தை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதைத் தீர்க்காமல் ஹாஜிகள் கூடி மன்னிப்புக் கேட்கும் அறபா வெளியில் போய் நிற்கக் கூடாது என்பது நம்பிக்கை. மாமி இரண்டு கிழமையாக வீடு வீடாகப் போனார். பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சொந்தக்காரியிடமும் போய் அழுதுவிட்டு வந்தார். எல்லோரையும் முடித்துவிட்டு, பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அஸர் தொழுதுவிட்டு என் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மருமகன், பயணம் போறன். என்னில ஏதும் குத்தங்குறை இரிந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க” என்றார்.

அவரா என்னிடம் கேட்பது. வழக்கப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னேன், நான் பொருந்திவிட்டேன், நீங்களும் பொருந்துங்கள் என்று.

“நான் எப்பவோ பொருந்திட்டன். உங்களில என்ன குத்தம் இரிக்கி?”

அதோடு முடிந்திருக்கலாம். கேட்டேன், கொடுத்துவிட்டார். இன்னதென்று சொல்லாமலே எல்லாவற்றுக்குமான மன்னிப்பு என் கையில் வந்துவிட்டது. ஊரில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறார்கள். ஆனால் அவர் கதவுப் பக்கம் திரும்பியபோது, களவெடுத்த பொருளைக் கையில் வைத்திருக்கிறவன் போல எனக்குக் கூசியது. தெரியாமல் கொடுத்த மன்னிப்பு எனக்குச் சேராது. ஐந்து வருடமாக எனக்குச் சேராத எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தேன். இதையும் வாங்க முடியவில்லை.

“இரிக்கி மாமி” என்றேன்.

சொன்னேன். அவன் என்னைக் காப்பாற்ற வரவில்லை, நான் ஊதியதால் வந்தான். விசில் கேட்டால் யோசிக்காமல் திரும்ப வேண்டும் என்று இரண்டு வருடம் அவனைப் பழக்கியவன் நான். மேட்டில் ஏறிவிட்டவனை நான்தான் கீழே இறக்கினேன். அவரைப் பார்க்காமல், கட்டில் விரிப்பைப் பார்த்தபடியே சொல்லி முடித்தேன். மாமி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். இது அவருடைய வீடு, வெளியே போ என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஏசவில்லை, நிலையைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. அந்த நேரத்தில் அவருடைய மகன் இரண்டாம் முறை செத்துக்கொண்டிருந்தான் என்பது எனக்குப் புரிந்தது.

பிறகு கேட்டார்: “எத்தின தரம் ஊதினீங்க?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படிப் பார்த்திருக்கக் கூடாது. அந்த முகத்தில் ஒரு ஏக்கம் இருந்தது. என்னை மன்னிப்பதற்கு அவர் ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். நல்ல வழியாக அகப்பட வேண்டுமே என்று அவர் பயந்ததும் தெரிந்தது. ஒரு தரம் என்றால் பதற்றம். எந்த மனிதனுக்கும் வரக்கூடியது. மூன்று தரம் என்பதை எந்தத் தாயால் எங்கே வைக்க முடியும்?

“ஒருக்கா” என்றேன்.

மாமி மூச்சு விட்டார். “ஒருக்காத்தானே” என்றார். “பதறினா மனிசனுக்கு என்ன செய்யிறம் எண்டு தெரியாது.” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். கிட்ட வந்து, என் தலையில் கையை வைத்து, பொருந்திவிட்டேன் என்று மறுபடியும் சொன்னார். மகளுக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இரவுச் சாப்பாட்டில் பெரிய மீன் துண்டு எனக்குத்தான் வந்தது.

அவர் இப்போது இல்லை. ஹஜ்ஜிலிருந்து வந்த பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். அந்த ஒன்றரை வருடத்தில் ஒவ்வொரு நாளும் எனக்கு வாய்ப்பு இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

ஹஜ்ஜிலிருந்து வந்த அன்று வீடு நிறைய ஆட்கள். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் பங்கிட்டு, வந்தவர்களை அனுப்பிவிட்டு, மாமி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். வெயிலில் கறுத்து, பாதி ஆளாக வந்திருந்தார். குரல் போயிருந்தது. ஒரு சிறிய கோப்பையில் எனக்கென்று தண்ணீர் ஊற்றிக் கையில் தந்தார்.

“அறபாவில நிண்டு மகனுக்குக் கேட்டதவிட உங்களுக்குத்தான் கூடக் கேட்டன், மருமகன்” என்றார். “அந்த ஒருக்கா ஊதினத அல்லாஹ் மன்னிச்சிருவான்.”

நான் ஆமீன் என்றேன்.